கொல்லையில் கிடக்கும் வெங்கச்சங்கல்லை விலைக்குக் கேட்கிறார்கள், கொடுக்கலாமா?

மத்தூர்க்காரன் எழுதியது:

வணக்கம். மத்தூருக்கும் போச்சம்பள்ளிக்கும் நடுவில் எங்களுக்கு இரண்டே கால் ஏக்கர் மானாவாரிக் கொல்லை இருக்கிறது. நிலக்கடலை போடுவோம், மழை ஏமாற்றினால் கொள்ளு. கிழக்கு வரப்பு முழுக்க வெங்கச்சங்கல், குவார்ட்ஸ் என்கிறார்களே அந்த வெள்ளைக்கல். தாத்தா காலத்திலிருந்து ஒவ்வொரு உழவுக்கும் பொறுக்கிப் போட்டுப் போட்டு இப்போது இடுப்பு உயரத்துக்குக் கிடக்கிறது. எவ்வளவு பொறுக்கினாலும் அடுத்த மழைக்கு மறுபடியும் வெள்ளை வெள்ளையாகத் தலைகாட்டும். "பூமியில கல்லு விளையுதுடா" என்பார் அப்பா.

போன வாரம் ஒருவர் பைக்கில் வந்தார். குவியலிலிருந்து ஒரு கல்லை எடுத்து இன்னொன்றின் மேல் போட்டு உடைத்தார். உடைந்த துண்டை நாக்கில் தடவி வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். டிராக்டர் டிப்பருக்கு ஆயிரத்து ஐந்நூறு தருகிறேன், மேலே இருப்பதை அள்ளிவிட்டு அடியில் ஒரு பத்தடி தோண்டியும் பார்க்கிறேன் என்றார். அப்பா தலையைச் சொறிந்ததும், "கோலார் தங்கமே இந்த மாதிரிக் கல்லுலதாங்க இருந்துச்சு" என்று வேறு சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து அப்பா சாயங்காலமானால் அந்தக் குவியலை ஒரு சுற்று சுற்றி வருகிறார்.

எனக்குத் தெரிய வேண்டியது இதுதான். இது உண்மையிலேயே குவார்ட்ஸ்தானா, இல்லை சுண்ணாம்புக்கல் வகையா? வீட்டிலேயே பார்த்துச் சொல்ல முடியுமா? இதை வாங்கி என்ன செய்வார்கள்? எங்கள் போர் தண்ணீரில் ஃபுளோரைடு இருக்கிறது, அதற்கும் இந்தக் கல்லுக்கும் சம்பந்தம் உண்டா? எங்களுக்குத் தெரிந்து இந்தக் கல்லால் ஆன ஒரே பிரயோஜனம், மார்கழிக்கு அம்மா இதை உரலில் இடித்துச் சலித்துக் கோலமாவு செய்வதுதான்.

ஊத்தங்கரை ரோடு எழுதியது:

இதில் யோசிக்க என்ன இருக்கிறது பிரதர்? களையைக் காசு கொடுத்து வாங்குகிறேன் என்று ஒருவர் வந்தால் வேண்டாம் என்போமா? பட்டா உங்கள் பேரில், கல்லும் உங்கள் கல். இரண்டாயிரம் கேளுங்கள். தங்கம் கிடைத்தால் என்னை மறந்துவிடாதீர்கள்.

பழைய ரம்பம் எழுதியது:

தம்பி, மேலே சொன்னவர் பேச்சைக் கேட்டு வண்டியை வரச் சொல்லிவிடாதீர்கள். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதைப் பொறுமையாகக் கீழே எழுதுகிறேன்.

நிலம் உங்களுடையது என்பது வேறு, அதில் கனிமம் தோண்டி விற்பது வேறு. குத்தகையும் அனுமதியும் இல்லாமல் எடுத்தால் 1957ஆம் வருடத்துச் சுரங்கச் சட்டத்தில் ஐந்து வருடம் வரை சிறை இருக்கிறது, ஹெக்டேருக்கு ஐந்து லட்சம் வரை அபராதமும் உண்டு. வண்டி ரோட்டில் ஏறியதும் நடைச்சீட்டு, அதாவது கல்லை ஏற்றிப்போக அனுமதிச் சீட்டு கேட்பார்கள். சீட்டு இல்லையென்றால் டிரைவர் இறங்கி ஓடிவிடுவான். எந்தக் கொல்லையில் அள்ளியது என்று விசாரித்துக்கொண்டு உங்கள் அப்பாவிடம்தான் வருவார்கள். அதோடு 2025 பிப்ரவரியில் மத்திய அரசு குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார், மைக்கா, பேரைட்ஸ் நான்கையும் சிறு கனிமப் பட்டியலிலிருந்து எடுத்துப் பெருங்கனிமத்தில் சேர்த்துவிட்டது. இவை கிடக்கிற பாறையில் லித்தியம் மாதிரிச் சரக்கும் சேர்ந்து இருக்கலாம் என்பதால். ஆகவே "எனக்கு ஆபீஸ் நடைமுறை எல்லாம் தெரியும்" என்று வருகிறவர் பழைய நடைமுறையைத்தான் சொல்வார். கிருஷ்ணகிரி கலெக்டர் ஆபீஸில் புவியியல் சுரங்கத் துறை இருக்கிறது. அப்பாவை ஒரு நாள் கூட்டிக்கொண்டு போய் நேரில் கேளுங்கள்.

சரி, கல்லுக்கு வருவோம்.

நான் முப்பத்தோரு வருடம் கிரானைட்டில் இருந்தவன். பர்கூர்ப் பக்கம் குவாரியில் ஜாக்ஹாமர் பிடித்து ஆரம்பித்து, பிறகு பாலிஷ் பட்டறை, கடைசிப் பன்னிரண்டு வருடம் கட்டிங் மெஷின். மெஷினுக்கு முன்னால் நின்றவனுக்கு வெங்கச்சங்கல்லைக் கண்ணால் பார்க்க வேண்டியதில்லை, காதே சொல்லிவிடும். பாரடைசோ என்கிற கிரானைட் பிளாக்கில் பிளேடு ஒரே சீராக முனகிக்கொண்டு போகும். குறுக்கே வெள்ளை நரம்பு வந்ததும் சத்தம் மெலிந்து கீச்சென்று ஏறும், உள்ளங்காலில் அதிர்வு வேறு மாதிரி வரும். பிளேடு பல்லில் இருப்பது வைரத்தூள்தான். ஆனாலும் நரம்பு அதிகம் ஓடுகிற பிளாக் என்றால் பல் சீக்கிரம் தேயும், முதலாளி முகமும் கூடவே சுருங்கும்.

கற்களின் கடினத்தை ஒன்றிலிருந்து பத்து வரை வரிசைப்படுத்தி வைத்திருக்கிறார்கள். வைரம் பத்து, இந்தக் கல் ஏழு. ஜன்னல் கண்ணாடி ஐந்தரை வாக்கில். இரும்பு ஆணி அதற்கும் கீழே. சுண்ணாம்புக்கல் மூன்றுதான்.

அதனால் முதலில் ஒரு ஆணியால் கிழித்துப் பாருங்கள். சுண்ணாம்பு வகையாக இருந்தால் கல்லில் பள்ளம் விழும். வெங்கச்சங்கல்லாக இருந்தால் பென்சில் கோடு மாதிரிச் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு விழும். அது கல்லின் கீறல் அல்ல, ஆணி தேய்ந்து ஒட்டியது. விரலால் துடைத்தால் போய்விடும். சந்தேகம் தீரவில்லை என்றால் கல்லைக் கொஞ்சம் பொடித்து அதன்மேல் எலுமிச்சம்பழம் பிழியுங்கள். சுண்ணாம்பாக இருந்தால் நுரைக்கும், இது சும்மா கிடக்கும்.

ஆனால் உண்மையில் ஆளை ஏமாற்றுவது சுண்ணாம்பு இல்லை, ஃபெல்ஸ்பார். நம் பக்கம் இரண்டும் ஒரே இடத்தில் அண்ணன் தம்பி மாதிரிக் கிடக்கும். அதுவும் வெள்ளை, இதுவும் வெள்ளை, இரண்டுமே கண்ணாடியைக் கீறும். கண்ணாடியில் கீறிக் காட்டி "பாருங்க, ஒரிஜினல் குவார்ட்ஸ்" என்பவன் ஒன்றும் தெரியாதவன், இல்லையென்றால் உங்களுக்குத் தெரியாது என்று நினைப்பவன். உடைத்துத்தான் பார்க்க வேண்டும். சாக்கில் சுற்றிச் சுத்தியலால் ஒரு போடு போடுங்கள், கண்ணுக்கு ஏதாவது போட்டுக்கொண்டு. ஃபெல்ஸ்பார் படி படியாக, தட்டையான முகங்களோடு உடையும். வெயிலில் திருப்பினால் அந்த முகம் முழுவதும் ஒரே நேரத்தில் பளிச்சென்று மின்னி அணையும். வெங்கச்சங்கல்லுக்கு அந்த ஒழுங்கு கிடையாது. தடித்த பாட்டில் உடைந்த மாதிரி வளைவு வளைவாகச் சில்லு பேர்ந்து, ஓரம் பிளேடு மாதிரி இருக்கும். அப்புறம் அரம் இருந்தால் ஒரு இழுப்பு இழுத்துப் பாருங்கள். நல்ல அரத்தின் கடினம் ஆறரை வாக்கில். ஃபெல்ஸ்பார் ஆறுதான் என்பதால் அதில் அரம் பிடிக்கும், இதில் வழுக்கும்.

உங்கள் ஆள் நாக்கில் தடவினாரே, அது மந்திரம் ஒன்றும் இல்லை. காய்ந்த கல்லில் மேல்தூசி எல்லாவற்றையும் வெள்ளையாகக் காட்டும். ஈரம் பட்டால்தான் துருக்கறையும் கருப்புப் புள்ளியும் எழும்பித் தெரியும். வாங்குகிறவர்கள் பயப்படுவது இரும்புக்குத்தான். கண்ணாடிக்குப் போகிற கல்லில் துளி இரும்பு இருந்தாலே கண்ணாடி பச்சையடிக்கும். கண்ணாடி டீப்பாயின் ஓரத்தைப் பக்கவாட்டில் பார்த்தால் தெரியுமே, அந்தப் பச்சை. கல்லின் வெள்ளை நிறமே ஒரு தோற்றம்தான். உருவானபோது உள்ளே சிக்கிய கண்ணுக்குத் தெரியாத நீர்க்குமிழிகள் வெளிச்சத்தைச் சிதறடிப்பதால் பால் மாதிரி இருக்கிறது. அந்தக் குமிழி இல்லாமல் தெளிவாக விளைந்தால் அதற்குப் பெயர் ஸ்படிகம், கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொள்வார்கள். ஊதாவாக இருந்தால் செவ்வந்திக்கல். குடும்பம் ஒன்றுதான், கொடுப்பினைதான் வேறு.

எங்கே போகிறது என்று கேட்டீர்கள். கண்ணாடி, பீங்கான் தட்டு, டைல்ஸ், இரும்பு வார்ப்படத்துக்கு அச்சு பிடிக்கிற மணல், தண்ணீர் வடிகட்டும் தொட்டி. கரியோடு சேர்த்து மின் உலையில் காய்ச்சினால் சிலிக்கான் வரும். சோலார் தகடு, செல்போனுக்குள் இருக்கிற சில்லு எல்லாம் அதிலிருந்து. எங்கள் பாலிஷ் பட்டறையில் கல்லைத் தேய்க்கிற கார்பரண்டம் வட்டு இருக்கிறதே, அதுவும் இதே மணலையும் கரியையும் இரண்டாயிரம் டிகிரிக்கு மேல் வேகவைத்து எடுத்ததுதான். கல்லைத் தேய்க்கக் கல்லிலிருந்தே ஆயுதம். இப்போது பணக்கார வீட்டுச் சமையல் மேடைக்குக் 'குவார்ட்ஸ்' என்று விற்கிறார்களே, அது பிளாக்கிலிருந்து அறுத்தது அல்ல. இந்தக் கல்லை நொறுக்கிப் பிசினோடு குழைத்து அழுத்திய பலகை, நூற்றில் தொண்ணூறு பங்கு கல்.

தங்கம் பற்றி. கோலாரில் தங்கம் வெள்ளைக்கல் நரம்பில்தான் இருந்தது, அந்த ஆள் அந்த மட்டில் பொய் சொல்லவில்லை. நம் பக்கத்துச் சனம் எத்தனையோ பேர் அந்தச் சுரங்கத்தில் இறங்கியவர்கள்தான். ஆனால் தங்கம் இருக்கிற நரம்பு லட்சத்தில் ஒன்று. இருந்தாலும் டன் கணக்கில் உடைத்து மாவாக அரைத்தால் கிராம் கணக்கில்தான் வரும். மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம் போன சுரங்கத்தையே கட்டுப்படி ஆகவில்லை என்று 2001இல் மூடிவிட்டார்கள். உங்கள் கல்லில் மஞ்சளாக மினுக்கினால் அது காக்காப்பொன், அதாவது மைக்கா. நகத்தால் உரித்தால் தகடு தகடாக வரும். அப்பாவுக்கு மெதுவாகச் சொல்லுங்கள்.

கல் விளைகிறதா என்றால், ஒரு விதத்தில் ஆமாம். ஆதியில் பாறை வெடிப்புகளில் கொதிக்கிற தண்ணீரோடு ஏறி உறைந்த நரம்பு அது. சுற்றியிருந்த பாறை வெயிலிலும் மழையிலும் இற்றுச் செம்மண்ணாகிவிட்டது. இது மட்டும் இற்றுப்போக மாட்டேன் என்கிறது. மழை மண்ணைக் கழுவக் கழுவ வெளியே தெரிகிறது. கரையாது, மக்காது, துருப்பிடிக்காது. அதுதான் அதன் குணம்.

இப்போது கோலமாவு. நீங்கள் கேள்வியாகக்கூடக் கேட்காத அந்த ஒரு வரிக்காகத்தான் நான் இவ்வளவு நேரம் டைப் அடித்துக்கொண்டிருக்கிறேன்.

என் மெஷினில் எதிர்ப்பக்கம் நின்றவன் என்னைவிட ஆறு வயது சின்னவன். தொட்டியில் தண்ணீர் தீர்ந்த கோடையில் உலர்ந்த பிளேடிலேயே அறுப்போம். வாயில் துண்டு. சாயங்காலம் துண்டை உதறினால் மூக்குக்கு நேராக இருந்த இடம் மட்டும் மாவு படிந்து விறைத்து நிற்கும். அதைப் பார்த்து, துண்டு எல்லாவற்றையும் பிடித்துவிட்டது என்று நாங்கள் சந்தோஷப்பட்டோம். துண்டில் தங்குவது பெருந்தூசி. கெடுதல் செய்வது அந்தத் துண்டின் இழைக்குள் புகுந்து போகிற, கண்ணுக்கே தெரியாத நுண்தூசி. நுரையீரலின் அடிவரை போய் உட்காரும். உடம்பு அதைத் தின்று கரைக்கப் பார்க்கும். மேலே சொன்னேனே, கரையாது என்று. கரைக்கப் போன அணுக்கள் செத்து, அந்த இடத்தில் தழும்பு கட்டும். தழும்பு மூச்சு வாங்காது. சிலிகோசிஸ் என்று பெயர். திரும்பிச் சரியாக்குகிற மருந்து கிடையாது. வந்தவர்களுக்கு டிபியும் எளிதில் தொற்றும் என்பதால் இரண்டையும் குழப்பிக்கொள்வார்கள். அவனுக்கும் இரண்டு முறை டிபி மாத்திரைதான் கொடுத்தார்கள். என்ன வேலை செய்கிறாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. நாற்பத்து நான்கு வயதில் போனான். நான் சையத் பாஷா மலையில் முன்பெல்லாம் பீடி குடித்துக்கொண்டே ஏறியவன், இப்போது பாதியில் உட்கார்ந்துவிடுகிறேன்.

மேலே சொன்ன சமையல் மேடைப் பலகையை அறுத்த தொழிலாளிகளுக்கு இதே வியாதி வருகிறது என்று ஆஸ்திரேலியா அந்தப் பலகையையே 2024 ஜூலை முதல் தடை செய்துவிட்டது. நம் ஊரில் ஷோரூமில் நல்ல வெளிச்சம் போட்டு வைத்திருக்கிறார்கள்.

அம்மாவைப் பயமுறுத்த வேண்டாம். வருடத்தில் இரண்டு நாள் இடிப்பதும் தினம் பத்து மணி நேரம் ரம்பத்துக்கு முன் நிற்பதும் ஒன்றல்ல. ஆனால் அவர் சலிக்கும்போது ஒரு தரம் பக்கத்தில் நின்று வெயிலுக்கு எதிராகப் பாருங்கள். சல்லடைக்கு மேலே ஒரு புகை எழும்பும். புதிதாக உடைந்த தூசிதான் கெடுதல் அதிகம் செய்யும். குழந்தைகள் யாராவது பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறார்களா?

பாலக்கோடு வாத்தியார் எழுதியது:

ஐயா எழுதியதற்கு மேல் சொல்ல அதிகம் இல்லை. பள்ளியில் பிள்ளைகளோடு செய்கிற ஒரு சோதனையை மட்டும் சேர்க்கிறேன். தொங்கு தராசில் கல்லை நூலில் கட்டி நிறுங்கள். பிறகு அப்படியே வாளித் தண்ணீரில் அடி தொடாமல் முங்கவிட்டு நிறுங்கள். 530 கிராம் கல் தண்ணீருக்குள் 330 காட்டினால், குறைந்த எடை 200. ஐந்நூற்று முப்பதை இருநூறால் வகுத்தால் 2.65. குவார்ட்ஸின் அடர்த்தி அதுதான், தூய கல்லாக இருந்தால் இதிலிருந்து அசையாது. ஃபெல்ஸ்பாரும் இதற்குப் பக்கத்திலேயே இருப்பதால் அதைப் பிரித்துச் சொல்ல இது உதவாது. ஆனால் வேறு கனமான கனிமம் என்று யாராவது கதைவிட்டால் உடனே தெரிந்துவிடும்.

ஃபுளோரைடுக்கு இந்தக் கல் காரணம் இல்லை. குவார்ட்ஸ் என்பது ஒரு பங்கு சிலிக்கான், இரண்டு பங்கு ஆக்சிஜன், அவ்வளவுதான். அதில் ஃபுளோரின் கிடையாது. நம் மாவட்டங்களின் பாறையில் இருக்கிற அப்படைட், கருப்பு மைக்கா, ஹார்ன்பிளெண்ட் போன்ற கனிமங்களில்தான் அது இருக்கிறது. ஆழத்து வெடிப்புகளில் தண்ணீர் நெடுநாள் தேங்கி நிற்கும்போது மெல்ல இறங்குகிறது. லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் வரை சரி, வேறு வழியில்லை என்றால் ஒன்றரை. அதற்கு மேல் போனால் பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கோடு விழும், வயதானால் மூட்டும் முதுகும் பிடித்துக்கொள்ளும். வகுப்பில் சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்ளும் பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013இல் வந்த பிறகு அது குறைந்திருக்கிறது, ஆனால் குழாயில் தண்ணீர் வராத நாளில் போர் தண்ணீரைத்தான் குடத்தில் பிடிக்கிறார்கள். காய்ச்சினால் போய்விடும் என்று நினைக்காதீர்கள். தண்ணீர் சுண்டச் சுண்ட ஃபுளோரைடின் அளவு கூடத்தான் செய்யும். மணலும் கூழாங்கல்லும் போட்ட வடிகட்டியும் கலங்கலைத்தான் நிறுத்தும், இதை நிறுத்தாது. குடிக்க மட்டுமாவது ஒகேனக்கல் தண்ணீரை வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. தென்பெண்ணை ஆற்று மணலை ஒரு கைப்பிடி எடுத்து லென்ஸில் பாருங்கள். கண்ணாடிப் பரல் மாதிரி இருப்பதெல்லாம் உங்கள் கொல்லைக் கல்லின் பங்காளிகள். ஃபெல்ஸ்பார் இற்றுக் களிமண்ணாகிவிடும், மைக்கா அடித்துக்கொண்டு போய்விடும், கடைசியில் படுகையில் பெரும்பாலும் தங்குவது இது.

ஓசூர் ஷிப்ட் பஸ் எழுதியது:

எல்லோரும் மண்ணிலேயே நின்றுவிட்டீர்கள், கையைப் பாருங்கள். வாட்ச் முள்ளுக்குக் கீழே குவார்ட்ஸ் என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும். 1984இல் டாடாவும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து டைட்டன் ஆரம்பித்து, ஓசூரில் தொழிற்சாலை வந்து, நம் மாவட்டத்துப் பிள்ளைகள் பன்னிரண்டாவது முடித்த கையோடு வேலைக்குப் போன கதை உங்களுக்கெல்லாம் தெரியும். நானும் வாட்ச் வேலையில் இருந்தவன்தான். சாவி கொடுக்கத் தேவையில்லாத வாட்ச் என்று அந்த நாளில் மாமன் மச்சான் கல்யாணத்துக்கெல்லாம் அதுதான் மொய்.

உள்ளே ஒரு சின்ன உலோகக் குழாய், அரிசிமணி நீளம். அதற்குள் இரண்டு கவை கொண்ட ஒரு குவார்ட்ஸ் துண்டு. இந்தக் கல்லை அழுத்தினால் மின்சாரம் எழும், மின்சாரம் கொடுத்தால் அது அதிரும். கியூரி சகோதரர்கள் 1880இல் கண்டுபிடித்தது அந்த அழுத்தினால் எழும் மின்சாரத்தை. பேட்டரி கொடுக்கிற சிறு மின்சாரத்தில் அந்தத் துண்டு வினாடிக்குச் சரியாக 32,768 முறை அதிரும். ஏன் அந்த எண் என்றால், அதைப் பதினைந்து முறை பாதி பாதியாக்கினால் ஒன்று வரும். வினாடிக்கு ஒன்று. முள் ஒரு தட்டுத் தட்டி நகர்வது அதனால்தான். முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை ஜப்பானில் செய்கோ 1969 கிறிஸ்துமஸ் அன்று விற்பனைக்கு விட்டது.

பழைய ரம்பம் அண்ணனுக்கு ஒரு சின்ன மறுப்பு. இந்தக் கல் கரையாது என்றீர்கள். வாட்சுக்குப் போவது கொல்லைக் கல் அல்ல, வளர்த்த கல். தடித்த இரும்பு உருளைக்குள் குவார்ட்ஸ் துண்டுகளையும் காரம் கலந்த தண்ணீரையும் அடைத்து, மூன்றரை நூறு டிகிரி வாக்கில் சூடேற்றி, பயங்கர அழுத்தத்தில் வாரக்கணக்கில் வைப்பார்கள். அடியில் கல் கரையும், மேலே தொங்கவிட்ட விதைக்கல்லில் படிந்து வளரும். மத்தூர்க்காரரின் அப்பா சொன்னபடி நிஜமாகவே கல் விளைகிற இடம் அது ஒன்றுதான்.

பழைய ரம்பம் எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன். மூன்றரை நூறு டிகிரியில் வாரக்கணக்கில் வேகவைத்தால் என் மச்சானின் பிடிவாதமே கரைந்துவிடும், கல் கரையாதா?

சூடு என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. மூன்று கல் அடுப்பு கூட்ட வெங்கச்சங்கல்லை எடுத்தால் என் பாட்டி கையில் அடித்துப் பிடுங்கிப் போடுவார், வெடிக்கும் என்று. பிற்பாடு கல் கம்பெனிக்கு வந்த ஒரு இன்ஜினியர் காரணம் சொன்னார். 573 டிகிரியைத் தொட்டதும் இதன் உள்கட்டு மாறிச் சட்டென்று உப்பும், தாங்காமல் பிளக்கும். உள்ளே சிக்கிய நீர்க்குமிழியும் கூடச் சேர்ந்துகொள்ளும். பாட்டி டிகிரி பார்த்தவர் இல்லை. ஒரு தரம் சில்லு தெறித்துப் புருவத்தில் வாங்கியவர், அவ்வளவுதான்.

தம்பி, ஆணி வைத்துப் பார்த்தீர்களா? இருட்டில் உரசிப் பார்க்கச் சொல்ல மறந்துவிட்டேன். கரண்ட் போன ராத்திரியில் கைக்கு அடக்கமாக இரண்டு கல்லை எடுத்து அழுத்தி உரசுங்கள்.

மத்தூர்க்காரன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய் எல்லாவற்றையும் செய்து பார்த்தேன்.

ஆணி சாம்பல் கோடு போட்டது, துடைத்ததும் போய்விட்டது. எலுமிச்சைக்கு அசையவில்லை. உடைத்த பத்துக் கல்லில் எட்டு பாட்டில் மாதிரிச் சில்லானது. இரண்டு மட்டும் தட்டையாக, கொஞ்சம் இளஞ்சிவப்பு ஓடி, வெயிலில் திருப்பினால் மின்னி அணைந்தது. அரம் அவற்றில் மட்டும் பிடித்தது. அண்ணன் தம்பி இரண்டு பேருமே எங்கள் வரப்பில்தான் இருக்கிறார்கள். தராசுக்குப் பக்கத்து மளிகைக் கடைக்காரர் சிரித்துக்கொண்டே இடம் கொடுத்தார். 2.6 வந்தது, வாளி ஆடியதில் அவ்வளவுதான் முடிந்தது.

ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து உரசினேன். முதலில் ஒன்றும் இல்லை. கண் இருட்டுக்குப் பழகிய பிறகு, கல்லுக்கு உள்ளே இருந்து வருகிற மாதிரி ஒரு மங்கலான ஆரஞ்சு வெளிச்சம். தீப்பொறி மாதிரித் தெறிக்கவில்லை, கல்லே ஒரு கணம் விழித்து மூடியது போல இருந்தது. கூடவே ஏதோ கருகிய வாசனை. அப்பா கையிலிருந்து பிடுங்கி அவர் உரச ஆரம்பித்தார். சின்ன வயதில் மாடு மேய்க்கப் போனபோது ஓடைத் தண்ணீருக்குள் வைத்து உரசுவார்களாம், அப்போதும் எரியுமாம். இவ்வளவு நாள் ஒரு தரம்கூட என்னிடம் சொன்னதில்லை. நம்பாமல் பக்கெட்டில் செய்து பார்த்தோம், எரிந்தது.

பைக் ஆள் திங்கட்கிழமை போன் செய்தார். கலெக்டர் ஆபீஸில் கேட்டுவிட்டுச் சொல்கிறோம் என்று அப்பா சொன்னதும், லைன் சரியில்லை என்று வைத்துவிட்டார். அப்புறம் பேசவில்லை.

பழைய ரம்பம் ஐயா, நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில்: ஆமாம், என் அக்கா பெண் பாட்டி பக்கத்திலேயே உட்கார்ந்து சல்லடையைப் பிடித்துக்கொள்வாள். நீங்கள் எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். உங்கள் மெஷின்காரர் பற்றி வருகிற இடத்தில் நிறுத்தச் சொல்லி, அவருக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார். உரலைக் கவிழ்த்து வைத்துவிட்டார். இந்த மார்கழிக்கு அரிசிமாவாம், எறும்பாவது தின்னும் என்கிறார். மீதம் இருந்த கல்மாவைத் தண்ணீர் தெளித்து அள்ளிப் பள்ளத்தில் கொட்டி மண் போட்டுவிட்டோம். அப்பா மட்டும் இன்னும் சாயங்காலமானால் குவியலை ஒரு சுற்று வருகிறார். இப்போது கையில் அரம்.

பழைய ரம்பம் எழுதியது:

இரண்டு பெண் பிள்ளைகள். பெரியவள் காவேரிப்பட்டணத்தில் நர்ஸாக இருக்கிறாள் என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.